அத்தான் பேரில் என் ரத்தம்

மே 12, திங்கள்

மாதாபுரத்திலிருந்து ஒன்றரை ஹெச்.பி. கிணற்று மோட்டார் ஒன்று வந்தது. உள்ளே கம்பி சுற்றின காயில் முழுக்கக் கருகல். கடை பூராவும் வார்னிஷ் தீய்ந்த நாற்றம். "ஒரு மாசமாவே சத்தம் மாறித்தான் கேட்டுச்சு. ஓடுதேன்னு விட்டுட்டேன்" என்றார் கொண்டுவந்தவர். இந்த ஊரில் எல்லாருக்கும் இதே பாட்டுதான். புகை வந்த பிறகுதான் வைண்டிங் கடை ஆவுடையப்பன் ஞாபகம் வரும். "முன்னாலயே கொண்டாந்தா ஒரு பேரிங்கோட போயிருக்கும்யா" என்று நாலு வார்த்தை கேட்டுத்தான் அனுப்பினேன்.

இடுப்பு வலி. நாள் முழுக்கக் குனிந்து கம்பி சுற்றுகிறவனுக்கு வலிக்காமல் இருக்குமா? மெடிக்கலில் வழக்கமான மாத்திரை ஒரு அட்டை வாங்கினேன். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. ஏழெட்டு வருஷப் பழக்கம். டாக்டர் முகத்தைப் பார்க்காமல் காலத்தை ஓட்ட எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

சாயங்காலம் கைலாசம் அத்தான் வந்தார், என் பகவதி அக்காவின் வீட்டுக்காரர். தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினாறு வருஷமாக பஸ் ஓட்டுகிறார். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பழைய பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தார். டீ வந்தது, குடித்தார், போய்விட்டார். ஏதோ கேட்க வந்திருக்கிறார். கேட்கவில்லை.

மே 13, செவ்வாய்

இன்று கேட்டுவிட்டார்.

"மாப்ள, இந்த வருசம் டிரைவருக்கெல்லாம் ரத்தம் பாக்கணும்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. ஸ்கூல் தொறக்கதுக்கு முன்னால பாத்துரணுமாம். சுகர் கூட இருந்தா சாவிய வாங்கிருவாங்க."

"ஒங்களுக்கு எவ்வளவு இருக்கு?"

"போன தீபாவளிக்குப் பாத்தேன். முந்நூறு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்காட்ட சொல்லிராத."

நாலு மாசம் வாயைக் கட்டுங்கள் என்றேன். லேபுக்குப் போக வேண்டிய கெடு ஞாயிற்றுக்கிழமை என்றார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். லேப் தென்காசியில் இருக்கிறது. அங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. பள்ளிக்கூடம் கொடுத்த சீட்டைக் காட்டினால் போதும். நான் சீனி தின்னாத ஆள், ஒல்லி உடம்பு. அவர் பேரில் நான் போய்க் கை நீட்ட வேண்டுமாம்.

எழுந்து நின்றுவிட்டேன். அத்தானுக்குத் தெரியாதா என் அப்பா கதை? கண் ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள், பார்த்தார்கள். அதுவரை அப்பா நன்றாகத்தான் இருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் 'கிட்னி' என்று ஒரு வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தது. முப்பத்தெட்டாம் நாள் அப்பா இல்லை. அதற்குப் பிறகு நான் ஊசிக்குக் கை நீட்டியது கிடையாது. பார்க்காத வரைக்கும் ஒன்றும் இல்லை. பார்த்தால்தான் வருகிறது. படித்தவர்கள் சிரிக்கலாம். முப்பத்தெட்டு நாளை எண்ணியவன் நான்.

"முடியாது அத்தான்" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இந்தக் கடையை எனக்குப் பிடித்துக் கொடுத்த மனுஷன்.

மே 15, வியாழன்

இரண்டு நாளாகக் கை ஓடவில்லை. ஒரே காயிலின் சுற்றை மூன்று தடவை எண்ணி மூன்று தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது. அத்தானை வீட்டுக்கு வரச் சொன்னேன். உலகு, என் பெண்டாட்டி, ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம்.

"வாரேன். ஆனா ஒரு கண்டிசன். ரிப்போர்ட்டுல என்ன இருந்தாலும் என் காதுக்கு வரப்படாது. நல்லது இருந்தாலும் வேண்டாம், கெட்டது இருந்தாலும் வேண்டாம்."

"ஒனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் மாப்ள? ரத்தம்தான் ஒன்னுது. பேரு என்னுது, பேப்பரும் என் கைக்குத்தான் வரும். ஒன் பேர்ல ஒண்ணுமே கிடையாது."

அந்தப் பேச்சுதான் என்னைச் சம்மதிக்க வைத்தது. இருந்தாலும் வெறும் பேச்சை நம்ப மனசு வரவில்லை. நித்திலா தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். "எம்புள்ள தலையில அடிச்சு சொல்லுங்க" என்றேன். அத்தான் முகம் மாறிவிட்டது. அவருக்குப் பிள்ளை கிடையாது. நித்திலா என்றால் உயிர். அவள் உச்சந்தலையில் மெல்லக் கையை வைத்தார்.

"என் வாயால ஒங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இது சத்தியம்."

"என்ன மாமா விளையாட்டு இது?" என்று கேட்டாள் பிள்ளை. பத்து வயசு. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டோம்.

மே 17, சனி

நாளைக் காலை வெறும் வயிற்றோடு போக வேண்டும். இன்று சோறும் இறங்கவில்லை. எண்ணெய் சரியில்லை என்று உலகுவிடம் சொல்லிவைத்தேன். பாவம், நேற்று வாங்கிய எண்ணெய்.

மே 18, ஞாயிறு

முடிந்தது.

அத்தானின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். தொளதொளவென்று கிடந்தது. அத்தான் எதிரே டீக்கடையில் மறைந்து நின்றார். உள்ளே பத்துப் பேர் இருந்தார்கள். "கைலாசம்! கைலாசம்!" என்று ஒரு பெண் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், நானும் எவன் அந்தக் கைலாசம் என்று எல்லார் முகத்தையும் பார்க்கிறேன். மூன்றாவது தடவைதான் உறைத்தது.

"அம்பத்து மூணு வயசா? பாத்தா தெரியலையே அங்கிள்."

"தலைக்கு டை" என்றேன். எனக்கு நாற்பத்தாறு.

கையில் ரப்பர் கயிற்றைக் கட்டினாள். கண்ணை மூடிக்கொண்டேன். "மூச்ச விடுங்க அங்கிள், குத்தியாச்சு" என்றாள். இரண்டு குப்பி எடுத்தாள். சின்னக் குப்பிதான், அதில் அத்தான் பேரை ஒட்டினாள். பஞ்சை வைத்து அமுக்கும்போது கண் இமையை இழுத்துப் பார்த்தாள். "ஏன் அங்கிள் இவ்வளவு வெளுத்துருக்கு? கீரை நெறைய சாப்பிடுங்க."

கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற ஜாதி இவர்கள். வெளியே வந்து அத்தானிடம் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். ஓட்டலில் மூன்று இட்லி வாங்கித் தந்தார். ஒன்றுதான் போனது.

மே 19, திங்கள்

குத்தின இடத்தில் சின்னதாக நீலம் பாரித்திருக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன். "இந்த வெயில்லயா?" என்றாள் உலகு.

மே 22, வியாழன்

அத்தான் வந்தார். "சுகர் பாஸ் மாப்ள. பஸ் என்னுதுதான்" என்றார். அவ்வளவுதான். சிரிக்கக் காணோம். பதினாறு வருஷ வேலை பிழைத்த ஆளுக்கு ஒரு சிரிப்பு வராதா? ஸ்டூலில்கூட உட்காரவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டு, போகும்போது என் மேஜைமேல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "எனக்கும் இடுப்பு வலி" என்றார்.

அது மட்டும்தான் நடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மே 24, சனி

வேறு அட்டை வாங்கினேன். அதையும் அத்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு எத்தனை இடுப்பு?

மே 25, ஞாயிறு

அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. நான் ஊறுகாயை எடுக்கப் போனேன், அத்தான் பாட்டிலை நகர்த்தினார். அப்பளத்தை எடுத்தேன், என் இலையிலிருந்தே எடுத்து அவர் வாயில் போட்டுக்கொண்டார். அக்கா சிரித்தாள். "என்ன, மச்சினன்கூடப் போட்டியா?" அத்தான் சிரிக்கவில்லை.

கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, "மாப்ள, ஒண்ணுக்கு ஒழுங்கா போவுதா?" என்று கேட்டார். ஏன் கேட்கிறீர்கள் என்றதற்கு, "சும்மா, வெயில் காலம்லா" என்றார். ராத்திரி நாலு தடவை எழுந்துகொள்கிறேன். அதைச் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தால் போகத்தானே செய்யும்?

பயமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன், யாரிடமும் சொல்ல முடியாததால்.

மே 27, செவ்வாய்

மூன்று மோட்டார். ஒரு மிக்ஸி.

செருப்பு கடித்தது. வெயிலில் தோல் சுருங்கியிருக்கும். வார் பதிந்த பள்ளம் சாயங்காலம் வரை காலில் அப்படியே இருந்தது. கட்டரை எடுத்து வாரை வெட்டி, ஒரு துண்டு ரப்பர் வைத்து நீட்டித் தைத்துக்கொண்டேன். இப்போது லேசாக இருக்கிறது.

மே 30, வெள்ளி

அத்தான் வந்தால் பின்பக்கம் போய்விடுகிறேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. எட்டே காலுக்கு மஞ்சள் பஸ் என் கடைக்கு எதிரே நின்றது. அங்கே நிறுத்தமே கிடையாது. ஜன்னலில் முப்பது பிள்ளைகளும் கத்திக்கொண்டிருக்க, அத்தான் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்த பிறகுதான் எடுத்தார்.

நான் டெஸ்ட் லாம்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். மோட்டாருக்குள் எங்கே கோளாறு என்று இந்த லாம்பை வைத்து ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். ஊரில் எனக்கு அதில்தான் பேர்.

ஜூன் 4, புதன்

அத்தான் ஒரு பழுப்புக் கவரை மேஜையில் வைத்துவிட்டு, "மறந்துட்டேன்" என்றார். வைத்துக்கொண்டே யாராவது மறந்துவிட்டேன் என்று சொல்வார்களா? சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். ஓரம் பிரிந்திருந்தது. உள்ளே மடித்த காகிதம், மேலே லேபின் முத்திரை.

ஒரு மணி நேரம் அதைத் தொடவில்லை. மின்விசிறிக் காற்றில் கவரின் வாய் திறந்து திறந்து மூடியது. பாம்பு வந்து உட்கார்ந்திருந்தாலாவது ஒரு கம்பை எடுத்திருப்பேன்.

கடைசியில் காயிலுக்குச் சுற்றுகிற காட்டன் டேப்பை எடுத்தேன். கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கவரை நீளவாக்கில், குறுக்கில் என்று முழு ரோலையும் சுற்றினேன். மேலே வார்னிஷும் அடித்துக் காய வைத்தேன். மத்தியானம் அக்கா வீட்டுத் திண்ணையில் அத்தான் கையில் கொடுத்தேன்.

"நீங்க மறந்தது" என்றேன்.

அந்தக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "மாப்ள" என்றார். "சத்தியம் அத்தான்" என்றேன். வாயை மூடிக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்று தெரியாது, ஆனால் தெரிந்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

பகவதி அக்கா தலைவிரி கோலமாகக் கடைக்கு வந்தாள்.

"ஏலே தம்பி, இந்த மனுசனுக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? யாரும் கேக்கல, கொள்ளல. தானாப் போய் பஸ் சாவியக் குடுத்துட்டு வந்துருக்காரு. அந்த ரத்தம் என்னுது இல்ல, எனக்கு சுகர் முந்நூறு, கள்ளத்தனம் பண்ணிட்டேன்னு பிரின்சிபால் ரூம்ல நின்னு சொல்லியிருக்காரு!"

"ஏன்க்கா சொன்னாரு?"

"அதத்தான் நானும் கேக்கேன். வாயத் தொறக்க மாட்டேங்காரு." அக்கா மூச்சு வாங்கினாள். அப்புறம் குரல் இறங்கியது. "ஸ்கூல் நர்ஸ் இருக்காங்கல்லா, ஜெசிந்தா சிஸ்டர், அவங்ககிட்ட மட்டும் இது என் மச்சினன் ரத்தம்னு சொன்னாராம். நாளைக்கு சிஸ்டர் ஒன்னப் பாக்க வாராங்களாம். எதுக்குலே தம்பி?"

எனக்குத் தெரியாது என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு என் காலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

அவர் வாயால் சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம். இன்னொருத்தர் வாயால் சொல்ல வைக்கத்தான் பஸ்ஸைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

காலை ஏழு மணிக்கே ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டேன். மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் கிணற்று மோட்டார் தண்ணீர் இறைக்கவில்லை என்று போன வாரம் சொல்லியிருந்தார்கள். ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்பத்தாறு வயசு ஆம்பிளை, ஒரு நர்ஸுக்குப் பயந்து ஓடினேன்.

கிணற்றில் இருபது படிதான் இறங்கினேன். ஏறும்போது ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் கிணற்றுக்குள்ளேயே கேட்பது போல இருந்தது. தோப்புக்காரர் மேலிருந்து, "என்னண்ணே, மூஞ்சி உப்பிக் கெடக்கு?" என்றார். தண்ணீரில் என் முகத்தைப் பார்த்தேன். கலங்கல் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சாக எனக்கு இஷ்டமில்லை. நித்திலாவுக்குப் பத்து வயசுதான் ஆகிறது.

ஐந்து மணிக்கு ஊருக்கு வந்தேன். பூட்டின ஷட்டருக்கு முன்னால், மோட்டார் வந்த மரப்பெட்டியில் அத்தான் உட்கார்ந்திருந்தார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. சட்டை முழுக்க வியர்வை. மடியில் அந்த டேப் சுற்றின கட்டு.

"காலையிலருந்து இங்கனதான் இருக்காரு" என்றாள் உலகு. அவள் கண்ணும் வீங்கியிருந்தது. "சிஸ்டர் வந்துட்டுப் போயிட்டாங்க. எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டாங்க. சோறு சாப்பிடக் கூப்பிட்டேன், வரல. மோரு மட்டும் குடிச்சாரு."

"உலகு, நீ ஒண்ணும் சொல்லாத" என்றேன்.

அவ்வளவுதான், வெடித்துவிட்டாள். "நான் எதுக்குச் சொல்லப் போறேன்? எம்புள்ள தலையிலயா சத்தியம் வாங்குனீங்க? ஒங்க பயத்துக்கு எம்புள்ள தலைதான் கெடச்சுதா? அந்த மனுசன் சோத்துக்கு வழியில்லாம நடுரோட்டுல உக்காந்துருக்காரு, ஒங்களுக்காக!"

தெருவே பார்த்தது. நான் பூட்டைத் திறந்து இருவரையும் கடைக்குள் கூட்டிவந்தேன். நித்திலாவும் ஓடிவந்துவிட்டாள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத்தான், எதுக்கு பஸ்ஸைக் குடுத்தீங்க?"

இதற்குப் பதில் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஏப்ரல்ல ஒரு நா, ரயில்வே கேட்டு வளைவுல எனக்குக் கண்ணு மங்கிருச்சு மாப்ள. ரெண்டு நிமிசம். உள்ள இருபத்தாறு புள்ளைங்க. ஒருத்தர்ட்டயும் சொல்லல. ஒன் பேப்பரப் பாத்த பொறவு எனக்குத் தூக்கம் இல்ல. நானும் ஒன்ன மாதிரிதான ஓடிட்டு இருக்கேன்னு நெனச்சேன்." கட்டைத் தடவினார். "மீதிய நான் சொல்லக் கூடாது."

நித்திலா அவர் மடியிலிருந்து கட்டை எடுத்தாள். "இது என்ன மாமா, பரிசா?" என்று டேப்பின் நுனியைக் கண்டுபிடித்துப் பிரிக்க ஆரம்பித்தாள். வார்னிஷ் ஒட்டிக்கொண்டு பட்பட்டென்று சத்தம் கேட்டது. தடுத்திருக்கலாம். அத்தான் என்னைப் பார்த்தார், உலகு என்னைப் பார்த்தாள். நான் என் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

காகிதத்தை விரித்து இங்கிலீஷ் பாடம் வாசிக்கிற மாதிரி வாசித்தாள். மாமா பேரை வாசித்துச் சிரித்தாள். சுகரை வாசித்தாள். அப்புறம் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"கிரி... யேட்... டினின். மூணு புள்ளி ஒம்பது. பக்கத்துல கறுப்பா ஹெச் போட்டுருக்கு. ஹெச்னா என்ன மாமா?"

அத்தான் வாயைத் திறந்தார், மூடினார்.

அந்தக் கிரியேட்டினின் எனக்குத் தெரிந்த வார்த்தை. அப்பா ரிப்போர்ட்டில் டாக்டர் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டிய வார்த்தை அதுதான்.

"ஹெச்னா ஜாஸ்தின்னு அர்த்தம்மா" என்றேன். "கிட்னி. இந்த ரத்தம் மாமாவுது இல்ல. அப்பாவுது."

சொன்ன பிறகு உலகு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். யார் முதலில் அழுதது என்று ஞாபகம் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு, சாயங்காலம்

ஒன்றை எழுத வேண்டும். பத்தொன்பது வருஷமாக நான் யாரிடமும் சொல்லாதது. என்னிடமே சொல்லாதது.

அப்பாவுக்கு ரத்தம் பார்ப்பதற்கு மூன்று மாசம் முன்னால், செருப்பு கடிக்கிறது என்று என்னிடம் கொடுத்தார். நான்தான் வாரை வெட்டி, ரப்பர் வைத்து நீட்டித் தைத்தேன். காலில் பள்ளம் விழுந்திருந்ததைப் பார்த்தேன். "வெயில்லப்பா" என்றேன். அவரும் ஆமாம் என்றார்.

டெஸ்ட் எடுப்பதற்கு முன்னாலேயே நோய் இருந்தது. ஊசி கொண்டுவரவில்லை. அப்பா காலிலேயே எழுதியிருந்தது, நான் தையல் போட்டு மூடினேன். போன மாதம் எனக்கும் அதையே செய்துகொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

ஜெசிந்தா சிஸ்டர் சொன்ன பாளையங்கோட்டை டாக்டரிடம் போனோம். நான், உலகு, அத்தான். நித்திலாவை அக்கா பார்த்துக்கொண்டாள். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "கைலாசம் யாரு?"

"நான்" என்றார் அத்தான். "ரத்தம் என்னுது சார்" என்றேன் நான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு பேரையும் பார்த்தார். முழுக்கதையும் சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது, ஆனால் முதல் தடவையாகக் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

காலை அமுக்கிப் பார்த்தார். பிரஷர் பார்த்தார், நூற்றெழுபது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றார். அத்தான் சட்டைப் பையிலிருந்து என் இரண்டு அட்டைகளையும் எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றைக்கூடத் தொடவில்லை அவர்.

"இத எழுதிக் குடுத்தது யாரு?"

"நானேதான் சார்."

"எத்தன வருசமா?" சொன்னேன். "கிட்னியக் கெடுக்குறதே இந்த வலி மாத்திரைதான்" என்று டாக்டர் அட்டைகளைக் குப்பைக்கூடையில் போட்டார். "ஒடம்பு முன்னாலயே சொல்லியிருக்குமே. ஒண்ணும் தெரியலையா ஒங்களுக்கு?"

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "ஓடுதேன்னு விட்டுட்டேன் சார்."

மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும், உங்கள் பேரிலேயே, என்றார். அந்தக் கிரியேட்டினின் நாலுக்குள் நின்றால் மருந்து, பத்தியம், உப்பைக் குறைப்பது என்று பல வருஷம் ஓட்டிவிடலாம். கிடுகிடுவென்று ஏறிக்கொண்டு போனால் மெஷினில்தான் ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டியிருக்கும். ரிப்போர்ட் நாளைக்கு. மூன்று வாரத்தில் எவ்வளவு ஏறியிருக்கும்?

லேபில் சீட்டு எழுதுகிறவர் தலை நிமிராமல், "பேரு?" என்றார்.

"ஆவுடையப்பன். நாப்பத்தாறு."

பின்னால் நின்ற அத்தான், "கைலாசம். அம்பத்து மூணு. எனக்கும் பாருங்க, சுகர்" என்றார். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கை நீட்டினோம். ஊசியைக் கண்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடப்பாவி மனுஷா, உனக்கும் பயம்தானா?

ஜூன் 10, செவ்வாய்

காலையில் உலகு உப்பில்லாமல் இட்லி வைத்தாள். அக்கா சொல்லி அனுப்பினாள், மூணு மாசம் ஸ்கூல் கேட்டில் காவலுக்கு நிற்கச் சொல்லியிருக்கிறார்களாம் அத்தானை. சுகர் இறங்கினால் அப்புறம் பஸ்ஸைப் பற்றிப் பார்க்கலாம் என்று பிரின்சிபால் சொன்னாராம். சொன்னபடி செய்வார்களா தெரியாது.

நானும் அத்தானும் பஸ் ஏறிப் போனோம். கை வியர்த்துக்கொண்டே இருந்தது, கால்சட்டையில் துடைத்துத் துடைத்து ஈரமாகிவிட்டது. லேபில் இரண்டு கவர் கொடுத்தார்கள். அத்தான் மேலே இருந்ததைப் பிரித்தார். அவருடையது இல்லை. பேரைப் பார்த்ததும் சட்டென்று மடித்து என்னிடம் நீட்டினார். உதடு இறுக மூடியிருந்தது. அந்தச் சத்தியத்தை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

"நீங்களே வாசிங்க அத்தான். நித்திலாட்ட கேட்டுட்டேன். 'மாமா சொல்லலாம், எனக்கு ஒண்ணும் ஆவாது'ன்னு சொல்லிட்டா."

நிஜமாகவே காலையில் கேட்டிருந்தேன். தன் தலையைத் தானே தட்டிவிட்டு, "போச்சு" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

அத்தான் காகிதத்தை விரித்தார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார், தூரத்தில் வைத்தார்.

"ஆவுடையப்பன்" என்றார். "நாப்பத்தாறு. ஆண்." அழுதுவிட்டார், அத்தனை பேர் நடுவில்.

மீதியை நான் வாங்கி வாசித்தேன். அவருக்குக் கேட்கும்படி சத்தமாகவே வாசித்தேன். மூன்று புள்ளி எட்டு.